மடக்குக் கயாக்: விரிப்பதை மட்டும்தான் வீடியோ எடுக்கிறார்கள்

நான் இருக்கும் மொரீசியஸுக்குப் பக்கத்துத் தீவு ரெயூனியன். அங்கே சேன் பியேரில் இருக்கும் நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "நீ வச்சிருக்கியே அந்த மடக்குப் படகு, நானும் ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். எப்படிடா இருக்கு?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. பட்டறையில் ஒரு குழாயை அறுத்து எடுத்துக்கொண்டு அப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருந்தேன். உடனே பதில் போட்டிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். கொஞ்சம் ஆறப்போட்டு எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கயாக் என்றால் துடுப்புப் போட்டுப் போகும் ஒடுங்கிய சின்னப் படகு. என்னுடையது அலுமினியக் குழாய்ச் சட்டத்தின்மேல் பிவிசி உறையைப் போர்த்தும் வகை. பிளாஸ்டிக் பலகையையே மடித்துப் படகாக்கும் வகையும் உண்டு, காற்றடிக்கும் வகையும் உண்டு; அவற்றுக்கு நான் எழுதும் புகாரில் பாதி பொருந்தாது. நீளம், எடை, எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் விற்பவர்களே போட்டிருக்கிறார்கள், பொய்யும் இல்லை.

விரிப்பது சுகமான வேலை. இருபது நிமிஷம் என்கிறது விளம்பரம். பேசிக்கொண்டே செய்தால் அரை மணி. முன்பாதிச் சட்டம், பின்பாதிச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகக் கோத்து, குறுக்கு விலாக்களை மாட்டி, உறைக்குள் எதிரெதிராக நுழைத்து, நடுவில் இருக்கும் கீலை அழுத்திப் பூட்ட வேண்டும். சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணிப்பதுபோல்தான். கடைசி ஒரு சாண் மட்டும் மல்லுக்கு நிற்கும். கீல் விழும்போது கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பக்கவாட்டுக் காற்றுப்பைகளை வாயாலேயே ஊதலாம். ஊத ஊத உறையின் சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்து, நகத்தால் சுண்டினால் டங்கென்று கேட்கும். புளூ பே கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சவுக்கு மரத்தடியில் பிரியாணிச் சட்டியோடு உட்கார்ந்திருக்கும் குடும்பமெல்லாம் எழுந்து வந்து பார்க்கும். பிள்ளைகள் விலாக்களை எடுத்துக் கொடுப்பார்கள். யாராவது ஒருவர் போனில் படம் எடுப்பார்.

கழற்றும்போது ஒருத்தரும் பக்கத்தில் வருவதில்லை. வீடியோக்களும் அப்படித்தான். விரிப்பதற்கு நூறு வீடியோ கிடைக்கிறது; மடிப்பதைத் தேடினால், நன்றாகக் காய்ந்த படகைப் புல்வெளியில் வைத்து ஒரு ஆள் சிரித்துக்கொண்டே சுருட்டுகிறார். அந்தப் புல்வெளியில் மணல் இல்லை, உப்பு இல்லை, நேரமும் ஆகிவிடவில்லை. இங்கே ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிடும். தென்கிழக்குக் காற்று வேறு, உறையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும்.

இந்தத் தீவின் மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டான மணல். வெள்ளையாக அழகாக இருக்கும், ஆனால் உருண்டையாக இருக்காது. ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு மூலை உண்டு. ஈரக் காலோடு படகில் ஏறி இறங்கும்போது உள்ளே வந்துவிடும். அடியில் நீளவாக்கில் ஓடும் அடித்தண்டுக்கும் உறைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, துடுப்புப் போடப் போட பிவிசியை அரைக்கும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடத்தில் ஒரே ஒரு துணுக்கு மாட்டினால் போதும், இழுத்தால் வராது, தள்ளினாலும் போகாது. சவுக்கு ஊசி இலைகள் பைக்குள் வருவதைக்கூட நான் புகாராக எடுத்துக்கொள்வதில்லை, உதறினால் போய்விடும்.

மணலையாவது கண்ணால் பார்க்க முடிகிறது. உப்பு அப்படி இல்லை. இந்தக் குழாய்த் துண்டுகள் தொலைந்துபோகாமலிருக்க உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. கடல் நீர் அந்தக் கயிற்றை நனைத்துக் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். வெளியே எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இருப்பது முழுசாக வெளியேறாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குழாய்களைப் பூட்டுவதற்கு எஃகுக் குமிழ்ப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுதான், அதற்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்து நடுவில் உப்புநீரும் இருந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். கரைந்த இடத்தில் வெள்ளைத் தூள் படியும். அந்தத் தூள், தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இடம் எங்கே இருக்கிறது? அங்கேயே உப்பி, இரண்டையும் கவ்விக்கொள்கிறது. பொத்தான் அமுங்காது. அவ்வளவுதான், மடக்குப் படகு மடங்காப் படகாகிவிட்டது.

கையேட்டில் எழுதியபடி ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழற்றி அலசித்தான் வைக்கிறேன். அப்படியும் அடித்தண்டின் நடு மூட்டு போன மாதம் இறுகிவிட்டது. டபிள்யூடி-40 என்ற, இறுகியதை இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விட்டேன். வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினோம். கடைசியில் பட்டறைக்குக் கொண்டுபோனால், அந்த மனிதர் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் எலாஸ்டிக்கை வெட்டினார், பிறகு லேசாகச் சூடு காட்டித் தட்டினார். வெள்ளைத் தூள் கொட்டியது, குழாய் நகரவில்லை. ஆக்சா பிளேடுதான். அறுத்த இடத்தில் பார்த்தால் பொத்தானைச் சுற்றி அலுமினியம் அரித்துச் சல்லடையாக இருந்தது.

தயாரித்தவர்களுக்கு எழுதினேன். மரியாதையான பதில்தான் வந்தது: உப்புநீரால் வரும் அரிப்பு வாரண்டியில் சேராது. பெட்டியின்மேல் கடலில் போகிற படம் போட்டிருக்கிறதே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உதிரிக் குழாய் தருகிறார்கள். மொரீசியஸுக்கு அனுப்பும் செலவு குழாயின் விலையைத் தாண்டுகிறது. இங்கே கிடைக்கிற குழாயில் அதே விட்டம் அமையவில்லை. பட்டறைக்காரர் கடைசலில் ஒரு உள்குழாய் செய்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். பொத்தானுக்குப் பதில் நைலான் ஊசி. கூலி நியாயமாகத்தான் வாங்கினார். அவர் அரை நாளில் யோசித்ததைத் தொழிற்சாலையில் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லையா என்பதுதான் என் கேள்வி.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படகு பிறந்ததே கடலுக்காக இல்லை. 1905-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஹோய்ரிஷ் என்ற மாணவர் ஆற்றில் விடுவதற்காகச் செய்தார். ரயிலில் எடுத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் மடக்குகிற யோசனையே. 1907-இல் யோஹான் கிளெப்பர் என்ற தையற்காரர் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக்கினார். அந்தக் காலத்தில் சட்டம் மரம், உறை ரப்பர் பூசிய துணி. அந்தக் கம்பெனியின் படகு ஒன்றில் 1956-இல் ஹான்னஸ் லிண்டெமன் என்ற மருத்துவர் கேனரி தீவுகளிலிருந்து தனியாகப் புறப்பட்டு 72 நாளில் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறார். மரச் சட்டத்தில் எஃகும் அலுமினியமும் சண்டை போட வழியில்லை. ஆனால் மரம் கனம். நான் மரச்சட்டம் வாங்கியிருந்தால் பஸ்ஸில் ஏற்றியிருக்க முடியாது.

பஸ்தான் விஷயமே. கார் வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை, குடியிருப்பது மாடியில். படகு முழுசாக ஒரு முதுகுப்பைக்குள் அடங்குகிறது. மேட்டிலிருக்கும் என் ஊர் கியூர்பிப்பில் பஸ் ஏறி, கடலோர மாயேபூரில் இறங்குகிறேன். கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பார், பையைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவார். இந்தப் பைக்குள் படகு இருக்கிறது என்று சொன்னால் பக்கத்து சீட்டு அம்மா நம்புவதே இல்லை.

திரும்பி வருவது கியூர்பிப்புக்கு என்பதையும் சொல்ல வேண்டும். புளூ பேயில் வெயில் காய்கிற அதே நேரத்தில் இங்கே மேட்டில் தூறிக்கொண்டிருக்கும். துணியே காயாத ஊரில் படகு எப்படிக் காயும்? ஈரத்தோடு பைக்குள் வைத்தால் மேல்தளத் துணியில் கறுப்பாகப் பூசணம் பூக்கும், வாசனை போகாது. அதனால் உறை குளியலறைக் கம்பியில் தொங்கும், விலாக்கள் சோபாவுக்குப் பின்னால், குழாய்கள் கட்டிலுக்கடியில் பழைய துண்டின்மேல். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குளிக்கப் போகிறவர்கள் படகை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மனைவி முதல் வருஷம் திட்டினாள், இப்போது திட்டுவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இவ்வளவும் எதற்காக என்றால், தண்ணீரில் இறங்கியபின் இந்தப் படகு செய்கிற ஒரு காரியத்துக்காக. கெட்டிப் பிளாஸ்டிக் கயாக்கில் நிறையப் போயிருக்கிறேன்; சின்ன அலை வந்தால் அடிப்பக்கம் பட்பட்டென்று அறையும். இது அறைவதில்லை. சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, உறை கொஞ்சம் உள்வாங்குகிறது, அலை முழங்காலுக்கடியில் நுழைந்து இடுப்புக்கடியில் வெளியேறுவது உடம்பில் தெரியும். புளூ பேக்குப் பக்கத்துக் கரையான புவான்ட் தெஸ்னியிலிருந்து இல் ஓ எக்ரெத் தீவுப் பக்கம் போகும்போது ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனாலும் காற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். மற்ற படகில் அது வேலை. இதில் நான் வேண்டுமென்றே சுற்றிப் போவேன். சத்தமில்லாததால் புளூ பேயில் மூளைப் பவளத்துக்கு மேலே மெதுவாக மிதந்து நின்றால் கீழே மீன் கலைவதில்லை. கண்ணாடி அடித்தளப் படகுகள் இன்ஜின் சத்தத்தோடு வந்து கூட்டத்துக்குக் காட்டிவிட்டுப் போனபிறகும் நான் அங்கேயே இருப்பேன். பக்கவாட்டுக் காற்றுப்பை இருப்பதால் கவிழும் பயமும் குறைவு.

சரி, நண்பனுக்கு வருவோம். உன் வீடு தரைத்தளம், முற்றம் இருக்கிறது, ரப்பர் குழாயில் தண்ணீர் வருகிறது, சேன் பியேரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. உன் பக்கத்து லகூன், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள அமைதியான கடல், சின்னதுதான். பவளத்திட்டுக்கு வெளியே போகிற ஆசை வேண்டாம், சுறாவால் 2013-இல் குளிப்பதற்கும் அலைச்சறுக்குக்கும் தடை வந்த கடல் அது. உள்ளே சுற்றுவதற்கு இது தாராளம். எந்தக் கணக்குப் போட்டாலும் இந்தப் படகு என்னைவிட உனக்குத்தான் பொருந்தும்.

அப்படியும் இந்த வாரம் என்னைக் கேட்டால் வாங்காதே என்பேன். கார் கூரையில் கட்டிக்கொண்டு போக முடிகிற ஆளுக்கு இந்தக் குழாய்த் தலைவலி எதற்கு? கெட்டிப் படகு வாங்கு, கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்ப் படு. "அப்போ உன்னுடையதை எனக்குக் கொடுத்துடு" என்று கேட்பாய். அதைத் தர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காற்று இறங்கும் என்கிறார்கள், நைலான் ஊசி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் சொல்வதைக் கேட்கமாட்டாய், தெரியும். வாங்குவதாக இருந்தால் படகோடு சேர்த்தே அடித்தண்டுக் குழாய் ஒரு செட் கூடுதலாகப் போடச் சொல், தனியாக வரவழைத்தால் கட்டுப்படியாகாது. முதல் நாளே எலாஸ்டிக் கயிறு முழுவதையும் உருவிப் போட்டுவிடு, குழாய்களில் எண் எழுதிக்கொள். மூட்டில் கிரீஸ் தடவாதே, மணலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெழுகு தேய்த்தால் போதும்.