எங்க கேம்பஸ் க்ளஸ்டர்: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பாத்தவனோட ரிவ்யூ

காலேஜ் பேரு வேணாம், கைடு இதப் படிச்சாலும் படிப்பாரு. முன்னாடி எங்ககிட்ட டிப்பார்ட்மெண்ட்டுக்கு ஒரு சர்வர், ப்ராஜெக்ட் காசுல வாங்கி லேப் மூலைல ஏசிக்கு கீழ வச்சிருப்பாங்க, வாங்குன ஸ்காலர் முடிச்சிட்டு கெளம்புனா பாஸ்வேர்டும் கூடவே கெளம்பிரும். இப்ப எல்லாருக்கும் பொதுவா ஒரே க்ளஸ்டர், அதாவது பல சர்வர சேத்துக் கட்டி ஒண்ணா ஓட்டுற செட்டப். என் மார்க் 5க்கு 3.

உருப்படியான விஷயம் ஸ்லர்ம் க்யூ தான், யாரோட வேலை (ஜாப்) எப்ப ஓடணும்னு வரிசை போடுற சாஃப்ட்வேர் அது. போன வாரம் வளைச்சு வளைச்சு ஓட்டுனவன் இந்த வாரம் பின்னாடி போயிருவான், ஆனா பயப்பட வேணாம், டிஃபால்ட் செட்டிங்ல 7 நாளைக்கு ஒருக்கா பழைய யூஸேஜ் கணக்கு பாதியா கொறஞ்சிரும். இன்னொண்ணு, எதுக்கு வம்புன்னு எல்லாரும் ஜாப்புக்கு 3 நாள் டைம் லிமிட் போட்டு வைக்கிறாங்க, அப்படிப் போடாதீங்க, 4 மணி நேர வேலைன்னா 5 மணி நேரம் போடுங்க, ஸ்லர்ம்ல பேக்ஃபில்னு ஒரு வசதி, பெரிய ஜாப்புக்கு நடுவுல கெடைக்குற சந்துல உங்க ஜாப்ப சொருகி விட்டுரும். ஒரு நாள் ராத்திரி எனக்கு முன்னாடி 20 ஜாப் பென்டிங்ல கெடந்துச்சு, டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன் என்னோடது ஓடிட்டு இருக்கு!

ஜிபியு (ஏஐ மாதிரி கனமான கணக்கு போடுற கார்டு) பக்கம் தான் கடுப்பு. 80 ஜிபி மெமரி இருக்குற ஏ100 ஜிபியு கார்ட முழுசா புடிச்சு ஒரு ஜுபிட்டர் நோட்புக்க (ப்ரவுசர்லயே கோட் எழுதி ஓட்டுறது) தொறந்து வச்சிட்டு மெஸ்ஸுக்கு போயிடுறாங்க. அந்தக் கார்ட எம்ஐஜின்னு ஒரு செட்டிங் போட்டு 7 துண்டு வரைக்கும் பிரிச்சுக் குடுக்கலாம், கேட்டா ஃபைல் மேல போயிருக்காம்.

ஸ்டோரேஜ்ல ஒரு கூத்து. ஹோம் ஃபோல்டர்ல எனக்கு 50 ஜிபி, நான் யூஸ் பண்ணது 31 தான், ஆனா கோட்டா முடிஞ்சுதுன்னு எர்ரர். அரை நாள் மண்டைய ஒடச்ச அப்புறம் தான் தெரியுது, இடத்துக்கு மட்டும் இல்ல ஃபைல் எண்ணிக்கைக்கும் லிமிட் வச்சிருக்காங்க, காண்டா (பைத்தான் பேக்கேஜ் போட்டுக்குற டூல்) என்விரான்மெண்ட் ஒண்ணொண்ணும் குட்டிக் குட்டியா பல்லாயிரம் ஃபைல கொண்டாந்து கொட்டும்ல. இப்ப எல்லாத்தையும் சிங்குலாரிட்டின்னு ஒரு டூல் வச்சு மொத்தமா அடைச்சு ஒரே இமேஜ் ஃபைலா வச்சுக்கிட்டேன், நிம்மதி.

அப்புறம் கரண்ட். யுபிஎஸ் சர்வருக்கு இருக்கு, ஏசிக்கு இல்ல. இத ப்ளான் பண்ணது யாருன்னு தெரியல. மே மாசம் கரண்ட் போச்சு, சர்வர் பாட்டுக்கு ஓடுது, ரூம் அடுப்பு மாதிரி ஆயிருச்சு, வேற வழி இல்லாம அட்மின் அண்ணன் எல்லாத்தையும் ஷட்டவுன் பண்ணிட்டாரு. 60 மணி நேரம் ஓடுன என் மாடல் ட்ரெய்னிங், நடுநடுவுல சேவ் பண்ற செக்பாயிண்ட் வைக்கல, போச்சு (அது என் தப்பு தான்). திருச்சி என்ஐடில 2022ல வந்த 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர்ல எல்லாம் லிக்விட் கூலிங்கே வச்சிருக்காங்க, நாங்க இன்னும் ஸ்ப்ளிட் ஏசிய நம்பி ஓடிட்டு இருக்கோம்.

அட்மின் அண்ணன் ஒத்த ஆளு, மெயில் போட்டா மூணு நாள் ஆகும், நேர்ல போனா பத்து நிமிஷம். புதுசா அக்கவுண்ட் கேக்குறவங்க ஃபார்ம்ல கைடு கையெழுத்தோட ஹெச்ஓடி சீலும் வாங்கிட்டுப் போங்க, என்னைய ரெண்டு தடவ திருப்பி விட்டாங்க.