ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீரா, கூலண்டா?

பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காரின் டெம்பரேச்சர் முள் ஏறினால், கையில் இருக்கிற தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிச் சமாளித்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாங்க.

வெப்பத்தை வாங்கிக்கொள்வதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிட (இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) ஒரு படி மேல்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். இங்கே பல அபார்ட்மெண்டுகளில் வருவது போர்வெல் தண்ணீர். குழாய் முனையிலும் கெய்சருக்குள்ளும் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும், அப்புறம் வாட்டர் பம்ப்பையும் பதம் பார்க்கும்.

கூலண்டில் எத்திலீன் கிளைக்காலோடு அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்திலேயே சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். ஜேசி ரோடு கடைகளில் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத அடர் கூலண்ட்) வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும், ஏற்கெனவே கலந்து வரும் ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சையா சிவப்பா என்று பார்க்காமல் மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள்.

ஓசூர் தாண்டி நடுவழியில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாம், சரி. ஆனால் இன்ஜின் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஊர் திரும்பியதும் ஃப்ளஷ் செய்து, அதாவது பழைய தண்ணீரை வடித்து உள்ளே அலசிவிட்டு, கூலண்ட் நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் அளவு குறைந்துகொண்டே வந்தால் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்ப் பக்கம் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.