பிரானாவா, அலிகேட்டரா?

1975-இல் சுறாப் படமான 'ஜாஸ்' ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கிளம்பிய சிக்கனப் படங்களில் இன்றும் பார்க்கத் தகுந்தவை இரண்டு: 'பிரானா' (1978), 'அலிகேட்டர்' (1980). இரண்டுக்கும் திரைக்கதை ஜான் சேல்ஸ்.

ஜோ டான்டே இயக்கிய 'பிரானா'வில், வியட்நாம் போருக்காக ராணுவம் வளர்த்த, கூட்டமாகச் சதையைக் கடித்துத் தின்னும் பிரானா மீன்கள் ஆற்றில் கலந்து, சிறுவர் முகாம் பக்கம் போகின்றன. குச்சியில் செருகிய பொம்மை மீன்கள்தான். கேமரா எதன் மீதும் நிற்காததால் குட்டு வெளிப்படுவதில்லை. குழந்தைகளையும் விட்டுவைக்காத துணிச்சல் வேறு!

'அலிகேட்டர்' கதை இன்னும் குறும்பானது. சிகாகோவில் ஒரு அப்பா, மகள் ஆசையாக வளர்த்த முதலைக்குட்டியை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிடுகிறார். அது சாக்கடையில், ஹார்மோன் சோதனையில் செத்த நாய்களைத் தின்று ராட்சசனாகிறது. நிஜக் குட்டி முதலையை மினியேச்சர் தெருவில் நடக்கவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். சில ஷாட்டுகளில் ஏமாந்தே போவோம். கதாநாயகன் ராபர்ட் ஃபார்ஸ்டரின் முடி கொட்டுவதை எல்லோரும் கிண்டலடிப்பது தனிச்சுவை.

பயம் வேண்டுமென்றால் 'பிரானா'. எனக்கு? கல்யாண விருந்துக்குள் முதலை புகும் அந்தக் காட்சிக்காகவே 'அலிகேட்டர்'தான்.