அயர்லாந்தில் கார் எடுக்கப்போகும் மூத்தவர்கள் கவனத்திற்கு: ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல்லை நம்பி நாங்கள் பட்ட பாடு

2025 ஜூன் மாதம் நானும் என் மனைவியும், அவருடைய அண்ணனும் அண்ணியுமாக நான்கு பேர் அயர்லாந்துக்குச் சென்று, பதினான்கு நாட்கள் வாடகைக் காரை நாங்களே ஓட்டிச் சுற்றி வந்தோம். எனக்கு வயது 69, மைத்துனருக்கு 76. நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, கடும் வெயில் கிடையாது, ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால்தான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவுகள் தங்குவது, ஒரு நாளில் மூன்று மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, அதையும் பாதி நான் பாதி மைத்துனர் என்று பிரித்துக்கொள்வது என ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டம் அது. டப்ளின் விமான நிலையத்துக் கார் கவுண்டரில் அரை மணி நேரத்தில் அது உருக்குலைந்தது.

பயண ஏற்பாட்டை எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். நால்வரின் பாஸ்போர்ட் நகல்களும் மூன்று மாதங்களுக்கு முன்பே அவர் கையில் இருந்தன. அவர் ஓர் இடைத்தரகு இணையதளம் வழியாகக் காரைப் பதிவு செய்து, வாடகை 760 யூரோ, இரண்டாவது ஓட்டுநருக்கு 140 யூரோ, காப்பீட்டுக்கு 98 யூரோ என்று வாங்கிக்கொண்டார். “ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு சார், நீங்க சாவிய வாங்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, ஒப்பந்தத்தின் ஆங்கில நிபந்தனைகளை நான் படிக்கவில்லை. அது என் தவறு, மறைக்க விரும்பவில்லை.

கவுண்டரில் இருந்த இளைஞர் மைத்துனரின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் நிறுவனத்தில் 75 வயதைத் தாண்டியவர்கள் ஓட்ட அனுமதியில்லை என்று அமைதியாகச் சொன்னார். அயர்லாந்தின் வாடகைக் கார் நிறுவனங்கள் பலவற்றில் இந்த வரம்பு உண்டு என்பதும், சில நிறுவனங்கள் மட்டும் மருத்துவர் கடிதத்தையும், அண்மை ஆண்டுகளில் விபத்து ஏதும் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் தரும் கடிதத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு 79 வயது வரை அனுமதிக்கின்றன என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்து வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை மைத்துனர் ஒரு வார்த்தையும் பேசாமல் மீண்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தார். “விடுங்க மாப்பிள்ளை, நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்” என்றார். நாற்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் அவர்.

அடுத்ததுதான் பெரிய அடி. வாடகையோடு சேர்ந்தே வரும் அடிப்படைக் காப்பீட்டில், சேதம் நேர்ந்தால் முதல் பகுதியை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும். இதை ‘எக்ஸஸ்’ என்பார்கள். எங்கள் காருக்கு அது 2,500 யூரோ. நாங்கள் 98 யூரோ கொடுத்து வாங்கியிருந்தது அந்த எக்ஸஸை நீக்கும் காப்பீடு அல்ல. சேதத்துக்கு நாம் முதலில் கைப்பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்பக் கேட்கும் காப்பீடு அது. எனவே கவுண்டருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: முதன்மை ஓட்டுநரின் கிரெடிட் கார்டில் 2,500 யூரோவை, அதாவது ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாயை, முடக்கி வைக்க வேண்டும், அல்லது நாளொன்றுக்கு 30 யூரோ வீதம் அவர்களுடைய காப்பீட்டை வாங்க வேண்டும். என் கார்டின் வரம்பே இரண்டு லட்சம்தான். மைத்துனர் கார்டை நீட்டினார். ஓட்டுநர் பெயரில் இல்லாத கார்டை ஏற்க மாட்டோம் என்றார்கள். இரவு முழுவதும் விமானத்தில் உட்கார்ந்து வந்த நால்வர், பின்னால் நீண்ட வரிசை, கால் வீங்கிய மனைவி பெட்டியின் மீது அமர்ந்திருக்கிறார். நான் 420 யூரோவுக்குக் கையெழுத்துப் போட்டேன். கார்டு இயந்திரத்தில் தொகையை ரூபாயில் காட்டி ஒப்புதல் கேட்டபோது அதையும் அழுத்திவிட்டேன்; யூரோவிலேயே கட்டியிருந்தால் மாற்று விகிதத்தில் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

காரை அடுக்குமாடி நிறுத்தகத்தின் மங்கலான வெளிச்சத்தில் ஒப்படைத்தார்கள். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நான்கு படங்கள் எடுத்தேன். சக்கரங்களை எடுக்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து கில்கென்னிக்குச் செல்ல டப்ளினைச் சுற்றிப்போகும் எம்50 நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். அதில் சுங்கக் கட்டணம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும், மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்திலோ கடைகளிலோ நாமே கட்டிவிட வேண்டும். இதைக் கவுண்டரில் எவரும் சொல்லவில்லை. சாவடி வரும் வரும் என்று சில்லறை யூரோவைக் கையில் வைத்துக்கொண்டே நகரத்தைக் கடந்துவிட்டோம். அதற்கு அபராதமும், நிறுவனத்தின் ‘நிர்வாகக் கட்டணம்’ 35 யூரோவும் பிறகு கார்டில் ஏறின.

ஒற்றை ஓட்டுநராகிவிட்ட பிறகு பயணத்தின் நிதானம் போய்விட்டது. கில்கென்னியிலிருந்து கென்மேருக்கு மூன்றரை மணி நேரப் பாதை. நடுவில் காஹிர் கோட்டையைப் பார்த்துவிட்டு மைத்துனரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதாக இருந்தது. கோட்டையைப் பார்க்காமலேயே கடந்தோம், ஏனென்றால் இறங்கி நடந்தால் அதன் பிறகு ஓட்டத் தெம்பு இருக்காது என்று எனக்குத் தோன்றியது. கில்லார்னியைத் தாண்டி மால்ஸ் கேப் என்ற மலைக்கணவாயின் வளைவுகளில் எதிரே சுற்றுலாப் பேருந்து வரும்போதெல்லாம் இடப்பக்கப் பாறையை ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். இருபுறமும் வேலி உரசும் அந்தச் சாலைகளில் எனக்கு நாற்பதே அதிகம். ஊர் அழகுதான். ஆனால் பார்த்தவர்கள் மற்ற மூவர். நான் பார்த்தது சாலையை.

திருப்பி ஒப்படைத்தபோது ஊழியர் நேராக இடப்பக்க முன்சக்கரத்துக்குச் சென்று குனிந்து, விளிம்பில் விரல் நீளக் கீறல் ஒன்றைக் காட்டினார். நான் உரசியிருக்கலாம், முன்பே இருந்திருக்கலாம். என்னிடம் படம் இல்லை. கவுண்டரில் வாங்கிய காப்பீட்டில் டயர், சக்கரம், கண்ணாடி, அடிப்பாகம் சேராது என்று காட்டி 280 யூரோ எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே செல்லாது என்று ஒதுக்கப்பட்ட அந்த 98 யூரோ காப்பீட்டில்தான் சக்கரச் சேதம் அடங்கியிருந்தது. அந்தக் காப்பீட்டுக்காரர்கள் ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுது ரசீது, கார்டு கணக்கு ஆகிய நான்கையும் கேட்டார்கள். பழுது ரசீதை அனுப்ப வாடகை நிறுவனம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. அதிலும் 90 யூரோ ‘நிர்வாகச் செலவு’ என்று இருந்ததால், மீதி 190 யூரோதான் எனக்கு வந்தது.

இதே வகையில் கிளம்ப நினைப்பவர்கள், யார் யார் ஓட்டுவார்களோ அவர்கள் ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் குறிப்பிட்டு, “இவரை ஏற்பீர்களா, கார்டில் எவ்வளவு முடக்குவீர்கள்” என்று கார் நிறுவனத்துக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தரகரின் பதில் கவுண்டரில் எடுபடாது. கார்டின் வரம்பை வங்கியில் சொல்லி உயர்த்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விமானம் இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள். விமான நிலையத்துக்கு அருகில் ஓர் இரவு தூங்கிவிட்டுப் போனால் நிபந்தனைகளைப் படிக்கக் கண் திறந்திருக்கும்.

ஓட்டவே அனுமதிக்கப்படாத இரண்டாவது ஓட்டுநருக்கான 140 யூரோவைத் திருப்பிக் கேட்டேன். கார் நிறுவனம், பதிவு செய்த இணையதளத் தரகரைக் காட்டியது; தரகர், வயது விவரத்தைச் சரியாகப் பதிய வேண்டியது முகவரின் பொறுப்பு என்றார்; முகவரோ, “அடுத்த டிரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்” என்கிறார்.