சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 17 மணி நேரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

அம்மாவுக்கு வயது 71. சர்க்கரைக்கு காலையும் இரவும் மாத்திரை. ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போகவேண்டியிருந்தது. ஆப்பில் நான் பார்த்து வைத்த டிக்கெட்டில் 22 மணி நேரம் என்று இருந்தது. தாம்பரத்தில் ஒரு டிராவல்ஸில் கேட்டேன். "17 மணி நேரத்துல ஒண்ணு இருக்கு சார். வயசானவங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார்கள். 14,000 ரூபாய் அதிகம். அம்மாவுக்காகத்தானே என்று கொடுத்துவிட்டேன்.

அவர்களே அடித்துக் கொடுத்த தாளில், சென்னை அதிகாலை 3.30, சான் பிரான்சிஸ்கோ அதே நாள் இரவு 8.30, வழி துபாய், மொத்தம் 17 மணி என்று இருந்தது. 17 மணி நேரக் கணக்கில்தான் அம்மாவும் கிளம்பினார். ஒரு வேளைக்கு இட்லி, மிளகாய்ப்பொடி தடவி, இலையில் மடித்து. ஒரு வேளை மாத்திரை கைப்பையில். மீதி எல்லாம் செக்-இன் பெட்டியில்.

புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கு. ஜூனில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது (நவம்பர் முதல் மார்ச் வரை பதின்மூன்றரை). அதையும் கூட்டினால் அம்மாவின் பயணம் இருபத்தொன்பதரை மணி நேரம். அதில் துபாயில் காத்திருந்தது மட்டும் ஒன்பதேகால்.

தூரத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருக்கலாம். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 13,900 கிலோமீட்டர். துபாய் சுற்றிப் போனால் ஏறக்குறைய 16,000. பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் பறக்கும். துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து பதினாறு. வானத்திலேயே இருபது மணி நேரம் ஆகும்போது மொத்தமே 17 எப்படி வரும்?

துபாயில் வீல்சேர் தள்ளி வந்தவர் ஒரு காத்திருப்புக் கூடத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். இட்லி தீர்ந்துவிட்டது. வைஃபை போடத் தெரியவில்லை. மத்தியானம் கை நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளிப் பெண் ஜூஸ் வாங்கிக் கொடுத்து, தன் போனிலிருந்து எனக்குப் பேச வைத்தார். "ஏம்ப்பா, இன்னும் எவ்ளோ நேரம் இங்கயே இருக்கணும்?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

டிராவல்ஸில் போய்க் கேட்டால், "டைம் எல்லாம் டிக்கெட்லயே இருக்கே சார், நீங்க பாக்கலையா?" என்கிறார்கள். ஏர்லைன்ஸ் டிக்கெட்டையே அவர்கள் அனுப்பியது கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவில்தான்.

தெரியாமல் நடந்த தவறு என்று விட்டிருப்பேன். ஆனால் அதே தாளின் கீழ்ப்பாதியில் செப்டம்பர் ரிட்டர்ன் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மாலை 4.45, சென்னை மூன்றாம் நாள் அதிகாலை 3.15. அப்படியே கழித்தால் முப்பத்துநாலரை மணி நேரம் வரும். அங்கே மட்டும் நேர வித்தியாசத்தைச் சரியாகக் கழித்து, 22 மணி என்று போட்டிருக்கிறார்கள்.

14,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை போய்விட்டேன். பதில் இல்லை. நேற்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தத் தாளின் இரண்டு பாதியையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.