நீலகிரி நெட்டைக்காலியைக் காண உதவிய 8×42 பைனாகுலர்

அவலாஞ்சிப் பக்கத்து மலைப் புல்வெளியில் பழுப்பு நிறக் குருவி ஒன்று எழுந்து பறந்தால், பெண் சிட்டுக்குருவி என்று எண்ணிக் கடந்துவிடுபவர்களே மிகுதி. அது, தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத நீலகிரி நெட்டைக்காலியாகவும் இருக்கலாம். அனுமதியின்றிப் புல்வெளிக்குள் இறங்கக் கூடாது என்பதால், சாலையோரத்தில் நின்றே அடையாளம் காண வேண்டும். சென்ற ஆண்டு 15,000 ரூபாய்க்குள் வாங்கிய 8×42 பைனாகுலரை அந்தப் பறவையைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

சிட்டுக்குருவி தத்தும், அலகு தடித்துக் கூம்பி இருக்கும். நெட்டைக்காலியோ மெல்லிய அலகுடன் புற்களுக்கிடையே நடந்து செல்லும். இந்த வேறுபாட்டை எந்தக் கருவியும் காட்டிவிடும். வயல் நெட்டைக்காலியிலிருந்து பிரித்தறிவதுதான் கடினம். வயல் நெட்டைக்காலிக்கு மார்பில் மட்டுமே கோடுகள் இருக்கும், விலாப்பகுதி வெறுமையாக இருக்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கு முதுகில் அடர்ந்த கருங்கோடுகள் உண்டு, மார்புக் கோடுகளும் விலா வரை இறங்கும். குளிர்காலத்தில் வலசை வரும் ஆலிவ் முதுகு நெட்டைக்காலியானால், கண்ணுக்குப் பின்னால் உள்ள வெண்புள்ளியே காட்டிக்கொடுத்துவிடும்.

மூடுபனி விலகாத ஒரு காலையில், சாலையோரக் கற்பூர மரக்கிளையில் வந்தமர்ந்த பறவையின் விலாக் கோடுகளை இந்தக் கருவியில் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. 42 மி.மீ. முகப்பு ஆடியை 8 மடங்குப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 10×42 கருவியில் அது 4.2 மி.மீ. மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. மலைக்காற்றில் கை நடுங்கும்போதும் 8 மடங்கில் காட்சி குறைவாகவே ஆடுகிறது. பெருக்கம் கூடினால் நல்லது என்று 10 மடங்கைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. கண்ணருகே உள்ள ரப்பர் வளையம் ஆறே மாதத்தில் தளர்ந்துவிட்டதால், கண்ணாடி அணிந்த எனக்குக் கண்ணுக்கும் கருவிக்கும் இடையிலான தொலைவு அடிக்கடி மாறிப்போகிறது. முகப்பு மூடிகளில் ஒன்று முதல் பயணத்திலேயே கழன்று விழுந்து தொலைந்தது. உடன் வந்த வாரும் மெல்லியது. இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது. அகலமான வார் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டியிருக்கிறேன்.