லேகாக் ஊரில் எந்தப் பப்?

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் பாத் நகரத்தையும் ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நடுவில் சிப்பனம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே மூன்று நான்கு மைல் தள்ளி லேகாக் என்று ஒரு ஊர் இருக்கிறது. மொத்தமே நான்கு தெருக்கள்தான். 1944இல் மட்டில்டா டால்பட் என்ற பெண்மணி இந்த ஊரையும் பக்கத்தில் உள்ள அபே என்ற பழைய கிறிஸ்தவ மடத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கண்டபடி இடிக்கவோ கட்டவோ முடியாது. தெருவில் மின்கம்பி தெரியாது, கூரையில் ஆன்டெனா தெரியாது. அதனால்தான் பழைய காலத்துக் கதை எடுக்கும் படக்குழுக்கள் இங்கே வந்துகொண்டே இருக்கின்றன.

இங்கிலாந்தில் பல கிராமங்களில் இருந்த ஒரே பப்பும் மூடிக் கிடக்கிறது. லேகாக்கிலோ ஊருக்குள்ளேயே நான்கு, கொஞ்சம் வெளியே போனால் இன்னும் இரண்டு. ஒரு நாள் மட்டும் வருகிறவர் எதற்குள் நுழைவது என்பது நியாயமான கேள்விதான்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் எத்தனை நூற்றாண்டு பழையது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். சாப்பாடு எதுவும் வாங்காமல், அரை பைன்ட் (கால் லிட்டருக்குச் சற்று அதிகம்) ஏல் என்ற பாரம்பரிய பீரோ ஒரு லைம் சோடாவோ மட்டும் வாங்கிக்கொண்டு ஒருவர் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடிகிறதா? பக்கத்து மேஜைக்காரர் இயல்பாகப் பேச்சுக் கொடுக்கிறாரா? பீப்பாயிலிருந்து வரும் பீரை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா? இந்த மூன்றும் இருந்தால்தான் அது பப். இல்லாவிட்டால் பழைய வீட்டில் நடக்கும் ஹோட்டல், அவ்வளவே.

முதலில் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள ஜார்ஜ் இன். 1361 முதல் தொடர்ந்து உரிமத்தோடு நடக்கும் பப் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் வாங்கித்தான் ஏல் விற்க வேண்டும் என்ற சட்டமே 1552இல்தான் வந்தது. ஆனால் கட்டடம் மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. தாழ்ந்த கூரை, கறுத்த உத்திரங்கள், கற்பலகைத் தரை; உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் நடக்க வேண்டும்.

ஜார்ஜில் பார்க்க வேண்டியது அதன் கணப்பு. அதையொட்டி ஒரு மரச்சக்கரம் நிற்கிறது. ஒரு சின்ன நாய் உள்ளே நின்று ஓடும் அளவுக்கு அகலமானது. நாய் ஓட ஓடச் சக்கரம் சுற்றும். அதோடு இணைத்த கயிறு நெருப்புக்கு முன்னால் இறைச்சி செருகிய கம்பியைச் சுழற்றும். ஒரு பெரிய இறைச்சித் துண்டு வேக மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் அந்த வெக்கையில் ஓடுவதற்கென்றே நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட ஒரு நாய் வகையை வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டு நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. இயந்திரச் சுழற்றிகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்த வேலை போனது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த நாய் வகையே இல்லாமல் போய்விட்டது. இந்தச் சக்கரத்தை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், அது வேலை செய்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்காகவே ஜார்ஜை எனக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் நெருப்பு எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தால், அந்த நாய் பட்ட பாடு தானாகவே புரியும்.

ஜார்ஜ், டிவைசஸ் நகரத்து வாட்வர்த் நிறுவனத்தின் பப். 1875இல் தொடங்கிய பீர் ஆலை அது. இப்படி ஆலையோடு இணைந்த பப்பில் பெரும்பாலும் அந்த ஆலையின் சரக்குதான் ஓடும். வாட்வர்த்தின் பெயர் சொல்லும் பீர் சிக்ஸ் எக்ஸ், 1920களிலிருந்து காய்ச்சுகிறார்கள். செம்பு நிறம், மால்ட் (முளைகட்டி வறுத்த பார்லி) வாசனை தூக்கல், கசப்பு மிதம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் ஆங்கிலேயர்கள் சூடான பீர் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் இந்த ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்து, கூடுதல் வாயு ஏற்றாமல் கைபம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். இன்னும் குளிர்ந்தால் ருசி அடங்கிவிடும். பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். அதனால் கூட்டம் வருகிற பப்பில் ஏல் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகையில் ஜார்ஜுக்குக் குறையில்லை.

ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள ரெட் லயனும் வாட்வர்த்தோடு இணைந்ததுதான். ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவில் பீரை வைத்து முடிவெடுக்க வழியில்லை, இடத்தை வைத்துத்தான். ரெட் லயன் 18ஆம் நூற்றாண்டு பாணிச் செங்கல் முகப்போடு கம்பீரமாக நிற்கிறது. அறைகள் பெரியவை, வெளிச்சம் உண்டு. அபே நுழைவாயில் பக்கமாக இருப்பதால் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராக இதற்குள்தான் வருவார்கள். குழந்தைகள், தாத்தா பாட்டி என்று குடும்பமாகப் போனால் நான் இதைத்தான் சொல்வேன். ஜார்ஜில் எட்டு பேருக்கு ஒரே மேஜை கிடைப்பது கஷ்டம். ஆனால் தனியாகவோ இருவராகவோ போனால் ரெட் லயனின் விசாலமே அதற்கு எதிராகிவிடுகிறது. ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் நெருக்கத்தில்தான் பேச்சு பிறக்கும். பெரிய அறையில் அவரவர் மேஜை அவரவருக்கு என்றாகிவிடும்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் சைன் ஆஃப் தி ஏஞ்சல். ஊரிலேயே அழகான கட்டடம் இதுதான் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 15ஆம் நூற்றாண்டு, மரச்சட்டம் வெளியே தெரியும் சுவர், சரிந்து போன மாடித் தரை, கறுத்த மரப்பலகை பதித்த அறைகள். ஆனால் இது பப் அல்ல. மேஜையை முன்பதிவு செய்து, விரிப்பு போட்ட மேஜையில் நிதானமாகச் சாப்பிட்டு, வேண்டுமானால் இரவு தங்கிப் போகிற இடம். கல்யாண நாளுக்குப் போங்கள், மனம் நிறையும். தாகத்துக்கு ஒரு அரை பைன்ட் என்றால் வேறு கதவைத் தட்டுங்கள். அதே தெருவின் கார்பென்டர்ஸ் ஆர்ம்ஸ் சாப்பாட்டுக்குச் சாய்ந்த பப். மற்ற மூன்றிலும் இடமில்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் கை கொடுக்கும்.

இதுவரை சொன்ன நான்கில் எனக்கு ஜார்ஜ்தான். ஆனால் பீருக்காகவே போகிறவர் ஊரைத் தாண்டி நடக்க வேண்டும். ஏவன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பௌடன் ஹில் சாலையில் ஏறக்குறைய ஒரு மைல் போனால் பெல் இன் வரும். அது இருக்கும் இடத்தின் பெயர் தி வார்ஃப், அதாவது படகுத்துறை. 1810இல் முழுதாகத் திறந்து 1914இல் கைவிடப்பட்ட வில்ட்ஸ் அண்ட் பெர்க்ஸ் கால்வாய் அந்த வழியாகத்தான் போனது. பெல் எந்த ஆலைக்கும் கட்டுப்படாத பப். யாரிடம் வேண்டுமானாலும் பீப்பாய் வாங்கலாம். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆலைகளின் ஏலும் சைடர் என்ற ஆப்பிள் மதுவும் மாறி மாறி வரும். போன தடவை குடித்தது இந்தத் தடவை இருக்காது. அதில் ஏமாற்றம் உண்டு, சந்தோஷமும் உண்டு. எது எடுப்பது என்று தெரியாவிட்டால் கவுன்டரில் கேளுங்கள், ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வது இப்படிப்பட்ட பப்களில் வழக்கம். கட்டடத்தில் ஜார்ஜோடு போட்டி போட முடியாது, தெருவழகும் இல்லை. ஆனால் என் அளவுகோலின் மூன்று கேள்விக்கும் தயங்காமல் ஆமாம் என்று சொல்லும் பப் இதுதான். அதே மேட்டில் இன்னும் ஏறினால் ரைசிங் சன். வெயில் நாளில் அதன் தோட்டத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அந்தக் காட்சிக்காகப் போகலாம்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேஜையில் உட்கார்ந்து ஆள் வரக் காத்திருக்காதீர்கள். கவுன்டருக்குப் போய் வாங்கி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். நண்பர்களோடு போனால் ஆளுக்கு ஒரு சுற்று, அதாவது எல்லோருக்கும் சேர்த்து, வாங்குவது மரியாதை. மது தொடாதவர்கள் தயங்க வேண்டாம், சோடாவோ காபியோ வாங்கி உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கே முடிந்துவிடும் பப்கள் நிறைய. சாப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோடைச் சனி ஞாயிறுகளில் லேகாக்கில் நிற்க இடமிருக்காது. வார நாள் மாலையில், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு ஜார்ஜுக்குப் போங்கள். பெல்லுக்கு நடந்து போவதென்றால் குளிர்காலத்தில் கையில் டார்ச் வேண்டும். நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், சாலையில் கார்கள் வேகமாக வரும்.